வெள்ளிக்காசில் ஒரு கொண்டை

ரோம், சுபூரா
பேரரசர் மார்கஸின் ஐந்தாம் ஆண்டு, மார்ச்

அன்புத் தங்கை தலூசாவுக்கு,

இருமலைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இத்துடன் புது வெள்ளிக்காசு ஒன்று வருகிறது. அதில் இருப்பது பேரரசரின் மகள் லூசில்லா. போன வருஷம்தான் கல்யாணமானவள். நெற்றியிலிருந்து அலையலையாக வாரி, பிடரியில் சின்னக் கொண்டை. உன்னிடம் தலை வாரிக்கொள்ளும் அதிகாரிகளின் மனைவிமாருக்கு இதையே போட்டுவிடு. உச்சியில் பின்னலை அடுக்குவதெல்லாம் பழசாகிவிட்டது.

நம் எஜமானியம்மாளுக்கு அந்த உச்சிக்கொண்டைதான். முந்தைய பேரரசி மூத்த பௌஸ்தீனாவின் முகம் பொறித்த காசை நம் முகத்துக்கு நேரே நீட்டி, "அடியே, இதே மாதிரி வரணும். ஒரு முடி துருத்துனாலும் ஊசிய கையில ஏத்திருவேன்" என்பாளே. ஏற்றவும் செய்தாள். எரிகிற கையோடு அடுக்களைக்கு வந்து, அவளைப் போலவே பேசிக்காட்டி என்னைச் சிரிக்கவைத்தாய்.

நாம் அந்த அடிமை வாழ்விலிருந்து விடுதலையாகி, நீ போய் எட்டு வருஷம். உன் கடிதங்களில் இப்போதெல்லாம் உன் வீட்டுக்காரர் பித்துஸ் பேச்சே இல்லையே. சண்டையா?

உன் அக்கா
நெபிரிஸ்

விமினாக்கியம், டான்யூப் கரை
ஜூன்

அன்புள்ள அக்கா,

காசு வந்தது. தளபதியின் மனைவி அந்தக் கொண்டையோடு விருந்துக்குப் போனாள். மறுநாள் என் வாசலில் ஆறு பேர்.

சண்டை இல்லை அக்கா. அவரே இல்லை. கிழக்கே போருக்குப் போன படையோடு போனவர், அங்கே காய்ச்சலில் போய்விட்டார். செய்தி வந்து ஒரு வருஷமாகிறது.

நான் வண்டி ஏறிய அன்று, "போடி, படைக்காரன நம்பிப் போறவ நடுத்தெருவுலதான் நிப்பே" என்றாய். அதனால்தான் அவர் போருக்குப் போனதையும் இதையும் உனக்கு எழுதக் கை வரவில்லை. நான் நடுத்தெருவில் நிற்கவில்லை. வந்துவிடு என்று மட்டும் கூப்பிடாதே. இது அவர் கட்டிய வீடு.

தலூசா

ரோம், சுபூரா
ஆகஸ்ட்

என் தலூசா,

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து ரொட்டிக்கடை வித்தாலியா. போன கடிதங்களையும் அவள்தான் எழுதினாள். எனக்குப் பார்வை போய் இரண்டு வருஷமாகிறது. லூசில்லாவின் கொண்டையைக் கட்டைவிரலால் தடவித்தான் உனக்குச் சொன்னேன். கையெழுத்து மாறியதை நீ கவனிக்கவில்லையா, கவனித்தும் கேட்கவில்லையா, தெரியவில்லை.

பித்துஸுக்காக வீட்டுத் தெய்வத்தின் முன் தூபம் போட்டேன். அன்று வண்டியருகே நின்றது உன்னைத் திட்டுவதற்கு இல்லை. "அக்கா, நீயும் வாயேன்" என்று ஒரு வார்த்தை கேட்பாய் என்று நின்றேன். நீ கேட்கவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

உன்னைக் கூப்பிடவில்லை. நானே வருகிறேன். எண்ணெய் வியாபாரி ஒருவரின் வண்டிகள் செப்டம்பரில் உங்கள் ஊருக்குக் கிளம்புகின்றன. அவர் மனைவி என்னைப் பார்த்துக்கொள்வாள். "அங்க குளிரு எலும்பக் கடிக்குமாம், இந்த வயசுல எதுக்கு?" என்கிறாள் வித்தாலியா. அதையும் எழுது என்றேன்.

சந்தைத் திடலில் இறங்குவேன். கூட்டத்தில் உன்னைத் தேட என்னால் முடியாது. நீதான் என்னைக் கூப்பிட வேண்டும்.

நெபிரிஸ்