பெரிய மேட்டுக்குப் பெரிய கியர்

சேசு மரி சூசை துணை

லாயாங் லாயாங் தோட்டம்
திங்கட்கிழமை, 5 ஜூலை 1943
(ஜப்பான்காரன் கணக்கில் 2603. எந்தக் கணக்கில் போட்டாலும் அரிசி இல்லை.)

அன்புள்ள பியாட்ரிஸ் புள்ளைக்கு,

நான் சொன்னேனா இல்லையா? துரைமாருங்க ஓடுவாங்கன்னு சொன்னேன், ஓடினாங்க. பெட்ரோல் தீரும்னு சொன்னேன், தீர்ந்துடுச்சு. ரப்பர் மரத்தடியில தூங்குற ரெண்டு மோட்டார் காடிக்கும் ஒருநாள் மறுபடி உயிர் வரும்னு உங்க அம்மாகிட்ட சொன்னேன், அக்கா சிரிச்சாங்க. இப்ப வந்தாச்சு. எல்லாம் எனக்கு ஒன்றரை வருசம் முந்தியே தெரியும்.

விசயம் என்னன்னா, இங்க இருக்கிற ஜப்பான் ஆபீசருக்கு ஒரு பெரிய காடி வேணும். இருக்கிறது ரெண்டு. ஒண்ணு மூத்த துரையோட கறுப்புக் காடி, கப்பல் மாதிரி நீளம், உட்கார்ந்தா அம்மா மடி. இன்னொண்ணு ஆஸ்பத்திரி டாக்டர் துரையோட மரப்பலகைக் காடி. மூணு வரிசை ஆசனம், பின்னால கதவைத் திறந்தா ஒரு கட்டிலே போடலாம், ஆனா உட்கார்ந்தா சர்ச்சு பெஞ்சு. பெட்ரோல் இல்லாததால ரெண்டும் கரிப்புகையிலதான் ஓடணும். அந்தக் கரி அடுப்பை ரெண்டு சக்கரத் தள்ளுவண்டி மேல வச்சு, காடிக்குப் பின்னால கொக்கி போட்டு மாட்டியிருக்காங்க. அதனால இங்க பெரிய கேள்வி: எந்தக் காடி சொகுசு, எந்தக் காடி உபயோகம், எது தன் அடுப்பைத் தானே இழுத்துக்கிட்டு மேடு ஏறும்? இதுக்குப் பதில் சொல்ல லாயாங் லாயாங்ல யார் இருக்கா? மூத்த துரைக்குப் பதினஞ்சு வருசம் காடி ஓட்டின உன் மாமாதான்.

இப்ப முக்கியமானதைக் கேள். எந்தக் காடி ஜெயிச்சாலும் அதுக்கு ஒரு மெக்கானிக் வேணும். நான் ஆபீசர்கிட்டயே பேசிட்டேன். தம்போயில என் அக்கா மருமகன் தோமஸ் இருக்கார், அவர் கை பட்டா செத்த இஞ்சினும் எந்திரிக்கும்னேன். அவன் உடனே ஒரு கடுதாசி எழுதி சிவப்பு முத்திரை குத்திட்டான். அது கையில இருந்தா மாப்பிள்ளையை யாரும் சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சுப் போக முடியாது. மாசாய்க்கு ஓடிப்போறேன்னு அவர் சொன்னதா நம்ம கடுதாசி கொண்டுவர்ற ஐயாசாமி சொன்னான். வேண்டாம். ஓடினவன்னு பேர் வந்தா அப்புறம் எந்த முத்திரையும் செல்லாது.

அக்காவுக்கு என் தோத்திரம் சொல்லு.

இப்படிக்கு, உன் தாய்மாமன்
லூயிஸ்

•

தம்போய்
புதன், 7 ஜூலை 1943

மாமாவுக்கு பியாட்ரிஸ் வணக்கம்.

நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சு சந்தோசம். காடி சமாச்சாரம் அம்மாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். எனக்குக் காடி வேண்டாம் மாமா. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேணும்.

இங்க சயாம் வேலைக்குப் பட்டியல் வந்துடுச்சு. இவர் வேலை செய்யுற பட்டறையில மூணு ஆள் பேர் இருக்கு, அதுல இவர் ரெண்டாவது. அடுத்த புதன், பதினாலாந்தேதி, பள்ளிக்கூடத் திடலுக்கு ஒரு போர்வை, ஒரு தட்டு எடுத்துக்கிட்டு வரணுமாம். போன வருசக் கடைசியில போன கிருஷ்ணம்மா வீட்டுக்காரர்கிட்ட இருந்து இன்னும் ஒரு வரி வரல. அவங்க தாலியைக் கழட்டவும் தெரியாம, போட்டுக்கவும் தெரியாம நிக்கிறாங்க.

இவரோட கூட்டாளி சதாசிவம் கரி லாரி ஓட்டுறார். இங்க கரி இறக்கிட்டு, வெறும் சாக்கோட மாசாய் சூளைக்குத் திரும்புவார். சனிக்கிழமை ஒரு நடை, செவ்வாய்க்கிழமை ஒரு நடை. சாக்குக்கு அடியில ஒரு ஆள் படுத்துக்கலாம்னு சொல்றார். மாசாய்ல இவர் அக்கா ராசம்மா இருக்காங்க. அதுக்கப்புறம் சதுப்புக்காடு.

இவர் சனிக்கிழமையே போறேங்கிறார். அம்மா விட மாட்டேங்கிறாங்க. "என் தம்பி முத்திரை வாங்கிட்டான், நீங்க ஏன் திருடன் மாதிரி ஒளியணும்?" அப்படின்னு வாசல்ல உட்கார்ந்துட்டாங்க.

அந்தக் கடுதாசியை நீங்க கண்ணால பார்த்தீங்களா? ஆமாவா இல்லையா, அது போதும்.

உங்க
பியாட்ரிஸ்

•

லாயாங் லாயாங் தோட்டம்
வெள்ளி, 9 ஜூலை 1943

அன்புள்ள பியாட்ரிஸ் புள்ளைக்கு,

பார்த்தேனாவா? மோந்தே பார்த்தேன். முத்திரை மையில குங்குமப்பூ வாசனை. எங்க அக்கா வாசல்ல உட்கார்ந்தது ரொம்ப சரி. எங்க குடும்பத்துல அவங்களுக்கும் எனக்கும்தான் மூளை.

நேத்து பரீட்சை நடந்துச்சு. தோட்டம் முழுக்க வேடிக்கை பார்க்க வந்துடுச்சு. பேச்சியம்மாள் ரப்பர் பால் வாளியைக்கூட வைக்க மறந்து தூக்கிக்கிட்டே நின்னாள். ரப்பர் ஆலையில இருந்து ஸ்டேசன் வரைக்கும் போற பாதை செம்மண் சடக்கு. நடுவுல அந்த ஒட்டகத் திமில் மேடு. ரெண்டு காடியையும் நான்தான் ஓட்டினேன்.

முதல்ல கறுப்பு. ஆபீசருக்கு இடுப்பு வலி, குப்புறப் படுத்துத்தான் தூங்குறவன். பின் ஆசனத்துல உட்கார்ந்ததும் அவன் மூஞ்சி பச்சைப்புள்ள மூஞ்சி ஆயிடுச்சு. ஆலை வாசல் தாண்டல, குறட்டை. சொகுசுன்னா அதுதான் சொகுசு, ராஜாவுக்கு ராணி தாலாட்டு பாடுற மாதிரி. ஆனா வயிறு தாழ்ந்த காடி. கல்லு ஒவ்வொண்ணையும் விசாரிச்சுக்கிட்டே போகுது. நாலு மூட்டை கரி, ஒரு பெட்டி வைக்க இடமில்லை. மேட்டுல பாதி ஏறினதும் பின்னால இருந்த அடுப்பு இதைக் கீழே இழுக்க ஆரம்பிச்சுது. யாரு யாரை இழுக்கிறாங்கன்னே தெரியல. அப்படியே பின்பக்கமா இறங்கி வாழைத்தோப்புல போய் உட்கார்ந்துச்சு. ஆபீசர் முழிச்சு, "ஸ்டேசன் வந்தாச்சா?" ன்னு கேட்டான்.

அப்புறம் மரப்பலகைக் காடி. ஆபீசர் ஏறினதும் "ஆ" ன்னான், அது வலி. ஆனா பாரு, கரி மூட்டை எல்லாம் உள்ளே, சாமான் உள்ளே, பத்து ஆளை ஏத்தினோம் பாரம் பார்க்க, அதுக்கு மேலயும் ரெண்டு ஆடு ஏத்தலாம். கால் உயரமான காடி, கல்லு அதுபாட்டுக்குக் கீழே போகுது. மேட்டடிக்கு வந்தோம். எல்லாரும் மூச்சைப் பிடிச்சாங்க. நான் சிரிச்சுக்கிட்டே கடைசி கியரைப் போட்டேன். சின்ன மேட்டுக்குச் சின்ன கியர், பெரிய மேட்டுக்குப் பெரிய கியர். இதெல்லாம் புத்தகத்துல வராது, ரத்தத்துல வரணும். காடி, பத்து ஆளு, கரி, பின்னால அடுப்பு, எல்லாம் சேர்ந்து யானை மாதிரி ஏறிடுச்சு. ஆபீசர் என் முதுகுல தட்டினான்.

மரப்பலகைக் காடிதான் ஜெயிச்சுது. இடுப்பு வலி இருந்தாலும் அவனுக்கு அதுதான் வேணுமாம். ஆக மெக்கானிக் வேலை நிச்சயம். கடுதாசியை ஐயாசாமி கையில அனுப்புறேன். அவன் ரயில் கோச்சியில கரி தள்ளுறவன், கையில அழுக்கு, அதனால நல்ல உறை ஒண்ணு தேடிக்கிட்டிருக்கேன். மாப்பிள்ளை சனிக்கிழமை லாரியில ஏற வேண்டாம்.

மாமா
லூயிஸ்

•

தம்போய்
ஞாயிறு, 11 ஜூலை 1943

மாமாவுக்கு,

உங்க கடுதாசி சனிக்கிழமை காலையில வந்துச்சு. லாரி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தது. அம்மா உங்க கடுதாசியை நெஞ்சுல வச்சுக்கிட்டாங்க. இவர் சாக்கை மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டு உள்ளே வந்துட்டார். சதாசிவம் லாரியை எடுத்துட்டுப் போனார்.

அப்புறம் இவர் உட்கார்ந்து கடுதாசியை முழுசா படிச்சார். வாழைத்தோப்பு வரைக்கும் சிரிச்சார். மேடு வந்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. திரும்ப அந்த இடத்தையே படிச்சார்.

"பியா, பாரத்தோட மேடு ஏறணும்னா முதல் கியர். கடைசி கியர் போட்டா காடி அங்கேயே செத்து நிக்கும். ஒரே ஒரு நாள் ஓட்டினவனுக்கும் இது தெரியும்," அப்படின்னார்.

"தப்பா எழுதியிருப்பார்," ன்னேன்.

"உங்க மாமா காடி ஓட்டினதே இல்ல."

அம்மா அடுப்படியில இருந்து, "என் தம்பியைப் பொய்யன்னு சொல்ற வீட்டுல எனக்குக் கிழங்கு வேண்டாம்," ன்னு சொல்லிட்டு நேத்தும் சாப்பிடல, இன்னிக்குப் பூசைக்கும் வரல.

மாமா, நீங்க ஓட்டலைன்னா எனக்கு ஒண்ணும் இல்லை. பதினஞ்சு வருசம் நாங்க நம்பினோம், அதுல யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு. நான் சின்னப்புள்ளையா இருந்தப்போ உங்க கதையைக் கேட்டுத்தான் சோறு இறங்கும். ஆனா காடியை ஓட்டாம ஓட்டினேன்னு சொன்னவர், கடுதாசியையும்

நாளன்னைக்கு, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு லாரி. அதுதான் கடைசி நடை. இவர் போகாம இருந்தா புதன்கிழமை திடல். நல்ல உறை வேண்டாம் மாமா. கடுதாசியை வாழையிலையில சுத்தி அனுப்புங்க. இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க.

பியாட்ரிஸ்

•

லாயாங் லாயாங் தோட்டம்
திங்கள், 12 ஜூலை 1943

பியாட்ரிஸ்,

முதல்ல இதைச் செய். காலையில மாப்பிள்ளையை லாரியில ஏத்திவிடு. மத்ததை அப்புறம் படி. ஐயாசாமி சாயங்கால கோச்சியிலேயே கொண்டாந்து குடுக்கிறேன்னு சத்தியம் பண்ணியிருக்கான்.

அக்கா தடுத்தா இந்தக் கடுதாசியை அவங்களுக்கே படிச்சுக் காட்டு. நான் எழுதினதுன்னு நம்புவாங்க, எழுத்துப் பிழை இருக்கும்.

ஏன் அவசரம்னா, அந்த மரப்பலகைக் காடி எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. டிரைவர் ராஜசேகரன் சொன்னான். ஆமா, ஓட்டினது அவன். எந்தக் கியரைப் போட்டான்னு எனக்குத் தெரியாது. நான் பின்னால தள்ளுவண்டியில நின்னு அடுப்புல கரி கிளறிக்கிட்டு இருந்தேன். பரீட்சையில பத்து ஆளை ஏத்திப் பார்த்தது பாரத்துக்கு இல்லையாம். பட்டியல்ல பேர் இருந்து திடலுக்கு வராதவங்களை வீடு வீடாப் போய் ஏத்திக்கிட்டு வரணுமாம், அதுக்கு எத்தனை ஆள் கொள்ளும்னு பார்த்தானுங்க. அதனாலதான் சொகுசுக் காடியை வேண்டாம்னுட்டான். புதன்கிழமை மத்தியானத்துல இருந்து அது ஜொகூர் பாரு பக்கம், தம்போய் பக்கம் வரும். பின்னால அடுப்புப் புகை தெரியும், தூரத்துலயே தெரியும். வந்தா மாப்பிள்ளை மூணு நாளைக்கு முந்தியே கோத்தா திங்கி போயிட்டார்னு சொல்லு. மாசாய்னு வாயைத் திறக்காதே. அக்காவையும் திறக்க விடாதே.

அந்தக் காடிக்கு ரெண்டு ஆடுகூடக் கொள்ளும்னு நான் பெருமையா எழுதினேன் பார்.

நான் மூத்த துரைக்குக் காடி கழுவினவன். பதினஞ்சு வருசம்கிறது உண்மை. கழுவும்போது உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடிச்சதுண்டு.

இன்னும் ஒண்ணு பாக்கி. அதை எழுதத்தான் காலையில இருந்து மூணு தாள் கிழிச்சேன்.

மேட்டு உச்சியில காடி நின்னதும் ஆபீசர் இறங்கினான். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, எனக்கு ஒரு கை தூரத்துல வந்து நின்னான். மலாய்லதான் கேட்டான், இந்தக் காடிக்கு மெக்கானிக் யாருன்னு. அந்த ஒரு கேள்விக்காக நான் ரெண்டு நாளா மலாய் வார்த்தையைக் கூட்டிச் சேர்த்து வச்சிருந்தேன். தோமஸ், தம்போய், நல்ல கை, எல்லாம் வரிசையா நாக்குல இருந்துச்சு. அவன் இடுப்புல கத்தி தொங்குது. என்னையே பார்த்து, "நீ யாரு?" ன்னான்.

"துக்காங் சூச்சி." கழுவுறவன். அவ்வளவுதான் வந்துச்சு.

அவன் தலையாட்டிட்டுப் போயிட்டான். திங்கட்கிழமை உனக்கு எழுதும்போதே கடுதாசி வாங்கியாச்சுன்னு எழுதிட்டேன், வியாழக்கிழமை கேட்டு வாங்கிடலாம்னு நம்பிக்கிட்டு. முத்திரை இல்லை, கடுதாசி இல்லை. மாப்பிள்ளை பேரை நான் அவன்கிட்ட சொல்லவே இல்லை புள்ள.

லூயிஸ்