வாசனை வரும்வரை வறுக்கவும்

2024 டிசம்பர் 9, திங்கள்

காலையில் கிளமெண்டி ரயில் ஸ்டேஷன் வாசலில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. புல், தார் ரோடு, பக்கத்துக் கடையில் வாட்டும் ரொட்டி எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. மூக்குக்கு ஒன்றும் இல்லை. மீன் தொட்டிக்குள் நின்று வெளியே பார்ப்பது போல இருந்தது.

நவம்பர் காய்ச்சலோடு வாசனை போனது. இன்றோடு முப்பத்தொரு நாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். தீவின் மேற்கு மூலையில், துவாஸில் எங்கள் எசன்ஸ் தொழிற்சாலையில் பதினேழு வருஷமாக என் வேலையே மோந்து பார்ப்பதுதான். பாண்டான் இலை, வெனிலா, ரோஸ், துரியான் பழம். சின்னக் காகிதப் பட்டையை எசன்ஸில் நனைத்து நீட்டுவார்கள். சரி, இல்லை, புளிப்பு, கருகல் என்று எழுத வேண்டும். எழுதுகிறேன். ஊகித்து எழுதுகிறேன்.

அடுத்த வாரம் வந்துவிடும்.

டிசம்பர் 13, வெள்ளி

கனவில் மல்லிகை மணத்தது. எழுந்ததும் அசையாமல் படுத்திருந்தேன், கொட்டிவிடப் போகிற தண்ணீரைத் தலையில் வைத்திருப்பவள் போல. வீட்டுக்காரர் ஜெய் "காப்பி வேணுமா?" என்று கேட்டார். பதில் சொன்னேன், மணம் போய்விட்டது.

டிசம்பர் 20, வெள்ளி

சம்சுன்னிசாவுக்கு இன்று மோப்பத் தேர்வு தொடங்கியது. ஆறு வருஷம் பேக்கிங்கில் நின்றவள். நல்ல மூக்கு என்று நான்தான் போன வருஷம் அவளை மோப்ப அறைக்கு இழுத்து வந்தேன். கிழக்குக் கோடி தெம்பனிஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருகிறாள். ஒருநாளும் தாமதம் இல்லை.

இருபது மாதிரிகள். அவள் ஒரு தடுப்பில், நான் இன்னொரு தடுப்பில். நடுவில் வெள்ளைப் பலகை. மூத்தவளின் விடையோடு எத்தனை ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். மூத்தவள் நான்.

இன்று ஐந்து மாதிரி. நாலாவதற்கு "சரி" என்று எழுதினேன்.  ஏன் சரி? எனக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 21, சனி

ஜெய் வேலை முடிந்து வந்து சோபாவில் உட்கார்ந்தார். பஸ் ஓட்டிவிட்டு வந்தால் அவருடைய சட்டையில் டீசலும் வேர்வையும் கலந்த ஒரு வாசம் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தோளில் ஒரு நிமிஷம் முகம் வைத்துவிட்டுத்தான் சமையலுக்குப் போவேன். இப்போது வைப்பதில்லை. வைத்தால் அங்கே யாருமே இல்லாதது போல் இருக்கிறது. அது பயமாக இருக்கிறது.

அவர் ரிமோட்டை எடுத்தார். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

2025 ஜனவரி 2, வியாழன்

வரவில்லை.

ஜனவரி 8, புதன்

இஸ்மாயில் அறைக்குக் கூப்பிட்டார். முகமது இஸ்மாயில் எங்கள் தர சோதனை மேனேஜர். குரலை உயர்த்தாத மனிதர்.

"சம்சுன்னிசாவோட ரிசல்ட் பார்த்தீங்களா? இருபதுல ஒம்போதுதான் உங்களோட ஒத்துப்போகுது. நீங்க ரெகமண்ட் பண்ண ஆளு, அதான் முதல்ல உங்ககிட்ட காட்டறேன்."

தாளைப் பார்த்தேன். நாலாவது மாதிரிக்கு அவள் எழுதியிருந்தது: லேசான கருகல், அடியில் புளிப்பு. எவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறாள்! பக்கத்தில் என்னுடைய "சரி".

"பேக்கிங்குக்கே அனுப்பிடலாம்னு பார்க்கறேன். பதினஞ்சாம் தேதி நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

கேன்டீனில் சம்சுன்னிசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"என் மூக்குலதான் கோளாறு போல, அக்கா. வீட்டுல எல்லாம் சரியாத்தான் வருது. பால் திரியறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். இங்க வந்தா மட்டும் தப்பாகுது. டாக்டர்கிட்ட போகணுமா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எழுதும்போது வெட்கமா இருக்கு. என்ன பொம்பள நான்.

ஜனவரி 11, சனி

பொங்கல் சாமான் வாங்க லிட்டில் இந்தியா. கேம்பல் லேன் முழுக்கக் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, மண்பானை. பந்தலில் மாடுகள் வந்து நிற்கின்றன, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள். சிராங்கூன் சாலை எங்கும் விளக்கு அலங்காரம். பூக்கடை, சாம்பிராணி, நெய்யில் பொரியும் முறுக்கு, சாணம் என்று எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்கும் தெரு இது. நான் அதற்குள்ளே ஊமைப் படத்தில் நடப்பவள் போல நடந்தேன். மல்லிகை வெறும் வெள்ளை. அவ்வளவுதான்.

கடைக்காரர் பாசிப்பருப்பை அள்ளிக் கையில் வைத்தார். "புது சரக்கு. மோந்து பாருங்கம்மா."

மோந்தேன். தலையாட்டினேன். எத்தனை பேரிடம் இப்படித் தலையாட்டியிருக்கிறேன் இந்த இரண்டு மாசமாக!

பச்சரிசி, பருப்பு, வெல்லம், ஏலக்காய், முந்திரி, நெய். வழக்கம் போல பெரிய பானைக்கு வாங்கினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ வருஷா வருஷம் என் பொங்கல் எங்கள் மாடி முழுக்கப் போகும், ஆபீஸுக்கும் போகும்.

ஜனவரி 13, திங்கள்

செய்முறையைச் சமையல் நோட்டில் எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு பருப்பு, எத்தனை மடங்கு தண்ணீர், வெல்லப் பாகு எப்போது. எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. பருப்புக்கு மட்டும்: "வாசனை வரும்வரை வறுக்கவும்."

எத்தனை நிமிஷம் என்று ஏன் எழுதி வைக்கவில்லை?

நிறத்தைப் பார்த்து வறுத்துக்கொள்ளலாம். முடியும்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆறே முக்காலுக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன். ஜெய் லீவு போட்டிருந்தார். வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். வெளியே இன்னும் முழுதாக வெளுக்கவில்லை, மழை மேகம். ரயில் ஒன்று விளக்குகளோடு ஜன்னலில் ஓடி மறைந்தது.

வாணலியில் பருப்பைப் போட்டுக் கிளறினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள். சிவந்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணை நம்ப முடியாமல் கண்ணை மூடினேன். அந்த வாசனை எப்படி வரும் என்று நினைத்துப் பார்த்தேன். முதலில் பச்சை வாசம், ஈர மண் மாதிரி. பிறகு ஒன்றுமில்லாத ஒரு நேரம். பிறகு திடீரென்று வீடு நிறைய, பாதி பால் பாதி வேர்க்கடலை மாதிரி ஒரு இனிப்பு. இதோ வந்துவிடும், இதோ. எனக்கு அது ஏறத்தாழ வந்தே விட்டது. கனவில் வருவது போல, விளிம்பில். அதைக் கலைக்கக் கூடாது என்று அப்படியே நின்றேன். கை தானாகக் கிளறுவது நின்றுபோனது கூடத் தெரியவில்லை.

"நிரஞ்சனா!"

கண்ணைத் திறந்தேன். ஜெய் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். சமையலறை முழுக்கப் புகை. பருப்பு கரி.

"வாசல் வரைக்கும் தீயற நாத்தம். பக்கத்துலயே நிக்கிற. மூக்குக்குத் தெரியலையா?"

"தெரியல."

"என்ன தெரியல?"

"எதுவும் தெரியல. காய்ச்சல் வந்ததிலேர்ந்து. பருப்பு, பூ, சோறு... உங்க சட்டை. எதுவுமே வரல, ஜெய்."

அவர் வாணலியை இறக்கி வைத்தார். ஜன்னலைத் திறந்தார். பிறகு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் வேற நெனச்சேன்" என்றார்.

"என்னன்னு?"

"என்னைப் பார்த்தாலே உனக்கு வெறுத்துப் போச்சுன்னு. ரெண்டு மாசமா நீ கிட்டயே வரல லா. நான் என்ன செஞ்சேன்னு தினமும் பஸ்ஸுல யோசிச்சுக்கிட்டே போவேன்."

நானும் உட்கார்ந்தேன். அழுதேன். சம்சுன்னிசா விஷயத்தையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.  முடித்த பிறகு ஜெய், "அந்தப் பொண்ணுகிட்ட நாளைக்கே சொல்லிடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வாணலியைத் தேய்த்துக் கழுவினேன். இன்னொரு ஆழாக்குப் பருப்பு எடுத்தேன். ஜெய் பக்கத்தில் வந்து நின்று வாணலிக்கு மேல் குனிந்தார். இருபத்தோரு வருஷத்தில் அவர் அடுப்பருகே நின்றதில்லை.

"இப்போ?"

"பச்சையா இருக்கு."

"இப்போ?"

"இல்ல. ஒண்ணுமே இல்ல இப்போ."

"அதுக்கப்புறம்தான் வரும். விடாம பாருங்க."

நான் கிளறினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மழை தொடங்கி ஜன்னல் விளிம்பில் தெறித்தது. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றிச் சுருக்கம் முதலில் தளர்ந்தது. பிறகு உதடு.

"இப்போ" என்றார்.

பானைப் பாலில் அரிசியும் பருப்பும் சேர்த்தோம். பால் பொங்கி வழிந்தது. ஜெய் எதிர்வீட்டுச் சீனக் கிழவருக்கும் கேட்கும்படி "பொங்கலோ பொங்கல்" என்றார். சாப்பிட்டபோது எனக்கு இனிப்பும் சூடும் மட்டும் தெரிந்தது, நெய் வழவழப்பும் தெரிந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்து, எனக்காக வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். எங்கே ஏலக்காய் வருகிறது, எங்கே முந்திரி. அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஜனவரி 15, புதன்

இஸ்மாயிலிடம் சொன்னேன். 

"ரெண்டு மாசமா நீங்க பாஸ் பண்ணதை எல்லாம் திரும்பப் பார்க்கணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ஏன் சொல்லல?"

"மூக்கு இல்லன்னா நான் எதுக்குன்னு தோணுச்சு."

கையெழுத்துக்கு வைத்திருந்த தாளை அவர் இழுப்பறைக்குள் போட்டார்.

பிறகு சம்சுன்னிசா. ஒரு டப்பா பொங்கல் கொண்டு போயிருந்தேன், அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது. கேன்டீன் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த இருபதும் நீங்க ஊகிச்சதா?"

"ஆமா."

"நான் டாக்டர்கிட்ட போகணுமான்னு கேட்டப்போ?"

"அப்பவும் தெரியும்."

முகம் மாறவில்லை. "ஒரு வாரமா வீட்டுல உப்பு டப்பாவைக் கூட மோந்து மோந்து பார்த்தேன், அக்கா" என்றாள். எழுந்து போய்விட்டாள். பொங்கல் மேசையிலேயே இருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

மறு தேர்வு. எல்லை தாண்டி ஜோகூர் கிளையிலிருந்து வேறொருவரை வரவழைத்தார்கள். இருபதுக்குப் பதினெட்டு. இரண்டு மாச சரக்கையும் அவளே உட்கார்ந்து சோதிக்கிறாள். நாலு பீப்பாய் திரும்பி வருகின்றன. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். லேபிள் பிரிவுக்கு மாற்றல்.

நியாயம்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டர் நாலு குப்பி கொடுத்திருக்கிறார். ரோஜா, கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி மோந்து, அந்த வாசனையை நினைத்துப் பார்க்க வேண்டும். வந்தால் அந்தந்த நாளின் கட்டத்தில் குறிக்க ஒரு தாளும் தந்தார். வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

ஜெய் எதிரே உட்கார்ந்து கடிகாரம் பார்க்கிறார். குப்பியை மூடியதும் நான் அவருடைய தோளில் முகம் வைக்கிறேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் அங்கே ஆள் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

லேபிள் பிரிவில் எழுத்துப் பிழை பார்க்கிறேன். நாலு மொழி. தமிழில் 'பழச்சாறு' தப்பாக இருந்தது, திருத்தினேன். பஸ்ஸில் சம்சுன்னிசா முன் சீட்டில் உட்காருகிறாள். நான் பின்னால். வணக்கம் சொன்னால் தலையசைப்பாள். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

மே 22, வியாழன்

சாயங்காலம் துவாஸிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. பஸ் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, வெளியே விளக்குகள் கரைந்து ஓடின. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

"நகருங்க, அக்கா."

சம்சுன்னிசா. முன் சீட்டுகள் காலியாகத்தான் இருந்தன. நகர்ந்தேன். மடியில் கைக்குட்டையை விரித்து ஆரஞ்சு ஒன்றை உரித்தாள்.  பிறகு, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"தோல்லதான் வாசம் எல்லாம். உள்ள தண்ணி. பழைய பழம். கடைக்காரன் ஏமாத்திட்டான்."

பாதியை என் கையில் வைத்தாள்.

அப்போது மூக்கின் ஆழத்தில் ஏதோ ஒன்று லேசாகக் குத்தியது. ஆரஞ்சா, அவள் சொன்ன வார்த்தையா, அரைத்தூக்கமா, தெரியவில்லை. திரும்ப மோந்து பார்க்கவில்லை. டாக்டர் கொடுத்த தாளில் இன்றைய கட்டத்தையும் காலியாகவே விட்டிருக்கிறேன்.

கிளமெண்டி வரும்வரை அவள் எழுந்து போகவில்லை.