அடிநெல்லின் மேல் உட்கார்ந்தவனுக்கு

மச்சான்,

ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம் மார்க்கமாகப் பட்டணத்துக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்யும் சகல கனவான்களுக்கும் முக்கியமான செய்தி ஒன்றை அறிவிக்கிறேன். தை மாதத்திலிருந்து தலைமறைவாக இருந்த உன் தூக்குச் சட்டியின் மூடி, எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியின் தலையில் கிரீடம் மாதிரி உட்கார்ந்திருந்த நிலையில் பிடிபட்டது. குற்றவாளி என் தங்கை. ஜாடிக்கு அளவு சரியாக இருந்ததாம். லண்டனுக்குத் தந்தி கொடுக்க வேண்டிய விஷயம். அங்கே யுத்த வேலை அதிகம் என்பதால் விட்டுவிட்டேன்.

மூடியை எடுத்து மோந்து பார்த்தேன். ஊறுகாய் வாசனை மேலே மேலேதான். அதற்கு அடியில் உன் அம்மா வறுத்த கருவாடு அப்படியே இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று தங்கை புகார் சொன்னாள். "போவாது. அது போவுற ரகம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். கண்ணில் ஏதோ எரிந்தது. ஊறுகாய்க் காரம்.

அந்த மூடி நமக்குச் செய்த உபகாரத்தை ரயில்வேக்காரன்கூடச் செய்ததில்லை. நீ திருநின்றவூரில் ஏறுவாய். நான் அம்பத்தூரில் ஏறும்போது பெட்டியில் நிற்கவும் இடம் இருக்காது. அதனால் அம்பத்தூர் வருமுன் வண்டி வேகம் குறையும்போது நீ மூடியைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வாய். கருவாட்டு வாசனை பெட்டியை ஒரு சுற்று சுற்றிவரும். பக்கத்தில் இருக்கும் ஆபீஸ்காரர் அங்கவஸ்திரத்தை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போவார். நான் அந்த இடத்தில் உட்கார்ந்ததும் நீ மூடியைப் போட்டுவிடுவாய். ஒருநாள் ஒருவர் உன்னிடம் கேட்டே விட்டார்.

"இன்னா தம்பி, காலங்காத்தால இத்தத் தொறந்துகினு?"

"காத்து வாங்குது சார்."

"கருவாடு காத்து வாங்குமா?"

"கடலாண்ட இருந்தது சார். காத்து இல்லாம இருக்கத் தெரியாது."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்துபோனார். இடம் கிடைத்தது.

நம் எகனாமிக்ஸ் பாடத்தில், ஒரே நிலத்தில் ஆளைக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வோர் ஆளாலும் கூடுதலாகக் கிடைப்பது குறைந்துகொண்டே வரும் என்று ஒரு விதி வருமே, அதை நான் வில்லிவாக்கம் தாண்டிய பெட்டிக்குள் நின்று விளக்கினேன். ஆள் ஏற ஏற மூச்சு குறையும் என்றேன். பெட்டியே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "நம்ம பட்டணம் வந்தா எறங்கிடுவோம் மச்சான். நெலத்துல நெருக்கிகினு கீறவன் எங்க எறங்குவான்?" என்றாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது. நான் வேடிக்கைக்கு வீசும் எதையும் விதைநெல் மாதிரி எடுத்து எங்கேயாவது ஊன்றிவிடுவாய்.

கல்லூரி திறந்தாயிற்று. ஆனர்ஸ் வகுப்பில் அவரவர் சிறப்புப் பாடத்துக்குப் பேர் கொடுக்க வேண்டும். பெரும் படை ஒன்று பாங்கிங் பக்கம் போய்விட்டது. விவசாயப் பொருளாதாரம் எடுப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தது நீயும் நானும்தான். அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பெரிய தமாஷ். "ஏர் ஓட்றத்துக்கு இன்னாத்துக்குடா யூனிவர்சிட்டி? மாட்டுக்கும் பீ.ஏ. குடுப்பாங்களா?" என்று கேட்கிறார்கள். மாட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் உங்களுக்குத்தான் முதலில் என்றேன். அதிலிருந்து அந்தப் பெஞ்சில் எனக்கு இடமில்லை.

வீட்டில் நைனா வேறு. பெரம்பூர் வொர்க்ஷாப்பில் யாரையோ பிடித்து, ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் திறந்திருக்கும் டிப்போவில் எனக்குக் குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். "அரிசி வெல ஏறிக்கினே கீது. நீ அரிசியப் பத்திப் படிக்கறேன்ற. படிச்சா ஒல கொதிக்குமாடா?" என்கிறார். "டிப்போவுக்குப் போறது தப்போ இல்லியோ, யோசிக்கணும் நைனா" என்று ஆரம்பித்தேன். அவர் செருப்பைத் தேடினார்.

தேடட்டும். பெஞ்சு சிரிக்கட்டும். நான் இந்தப் பாடத்தை விடுவதாக இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் நானே சொல்கிறேன். உன்னைச் சொல்லவிட்டால் என் பங்கைக் குறைத்துவிடுவாய்.

தை அறுவடையில் களத்துப் பங்கீட்டைப் பார்த்து எழுதி வரும்படி ப்ரொபசர் நம்மை இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்பினார். நாம் ஏரியோரம் உன் ஊருக்கே போனோம். நிலம் பட்டணத்து ஐயா ஒருவருடையது, உழுவது உன் நைனா, விளைவதில் சரிபாதி ஐயாவுக்கு, அதற்கு வாரம் என்று பேர் என்றாய். வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை லீவு வருவது என்று மட்டும் தெரிந்து வளர்ந்தவன் நான். ஐயாவின் காரியஸ்தர் ஜட்காவில் வந்து இறங்கி, குடை பிடித்துக்கொண்டு களத்தோரம் நின்றார். மரக்கால் பிடித்து நெல் அளக்கிறவர் குவியலைக் கும்பிட்டுவிட்டு முதல் மரக்காலை அள்ளினார். பென்சிலும் கையுமாக இருந்த நான், யூனிவர்சிட்டி சார்பில், களம் முழுக்கக் கேட்கும்படி "ஒண்ணு" என்றேன்.

முறங்களின் சத்தம் நின்றது. மரக்கால் அந்தரத்தில் நின்றது. நீ என் முதுகில் ஓர் அறை விட்டாய். "வாய மூடு. மொதோ மரக்கால லாபம்னுதான் சொல்லணும். ஒண்ணுன்னா ஒண்ணோட நின்னுடும்." அளக்கிறவர் நெல்லைத் திரும்பக் குவியலில் கொட்டி, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "லாபம், ரெண்டு, மூணு" என்று புதிதாக ஆரம்பித்தார். நம் புத்தகத்தில் எல்லாவற்றையும் கழித்த பிறகு கடைசியில் வரும் லாபத்தை உங்கள் களத்தில் முதலிலேயே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒன்று என்றால் ஒன்றுதான். எந்தக் களத்தில் யார் முறைத்தாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அளந்து முடித்துப் பங்கும் பிரித்தாயிற்று. களத்துத் தரையில் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது அடிநெல். அது அறுத்தவர்களுக்குச் சேருவது வழக்கம் என்று நீ சொல்லியிருந்தாய். அறுப்புக்கு வந்த பெண்கள் முறமும் துடைப்பமுமாக வந்தார்கள். காரியஸ்தர் குடையை நீட்டித் தடுத்தார்.

"யாரும் அள்ளாதீங்க. காலேஜ் புள்ள வாய வெச்சதுல களமே கெட்டுப் போச்சி. அய்யாவுக்கு வர்ற கொறைக்கு இந்த நெல்லு ஈடு. மூட்ட கட்டு."

மற்ற வருஷங்களில் ஐயா வீட்டார் அந்த மண்ணைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லையாம். அரிசி விற்கிற விலையில் இந்த வருஷம் மண்ணும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நான் வாய் திறந்து கொடுத்துவிட்டேன். உன் நைனா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த வருஷம் அந்த நிலம் அவரிடம் இருப்பதும் இல்லாததும் காரியஸ்தரின் வாயில் இருந்தது.

நீ நடந்துபோய், கல்லூரிக்குக் கட்டும் வெள்ளை வேட்டியோடு, அடிநெல்லின் நடுவில் பந்தியில் உட்காருகிற மாதிரி சப்பணமிட்டு உட்கார்ந்தாய்.

"இன்னாடா இது? எய்ந்திரு."

"மாட்டேன்."

"ஒங்க நைனா மொகத்துக்காகப் பாக்கறேன்."

"பாத்துகினே இருங்க. நா இங்கியே கீறேன்."

"எய்ந்து வாடா, நெலம் பூடும்டா" என்றார் உன் நைனா, யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல. நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் எழுந்துவிடுவாய் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அதனால் நானும் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெல் எங்கெங்கே குத்தும் என்பதை எந்த ஆசிரியரும் புத்தகத்தில் எழுதவில்லை. அறுப்புக்காரப் பெண்களில் ஒருத்தி முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காரியஸ்தரைப் பார்த்தாள்.

"ரெண்டு புள்ளைங்களும் குந்திகினு கீதுங்க சாமி. அள்றதுன்னா அதுங்களயும் சேத்துதான் மூட்ட கட்டணும்."

களம் சிரித்தது. ஜட்காக்காரனும் சிரித்தான். யாராவது திட்டியிருந்தால் காரியஸ்தரும் நின்று திட்டியிருப்பார். சிரித்தவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறேன் என்று பூந்தமல்லிப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னார். நாம் எழுந்ததும் அதே பெண் உன்னைத் தடுத்தாள். "வேட்டிய ஒதறிட்டுப் போ கண்ணு. அதுல ஒரு படி கீது."

அன்று ரயிலில் நான் போரில் ஜெயித்த தளபதி மாதிரி பேசிக்கொண்டு வந்தேன். நீ வேட்டியிலிருந்து உமி பொறுக்கிக்கொண்டிருந்தாய். "குந்தனா இந்த வருசம் ஒரு களம் மச்சான். எல்லாக் களத்துலயும் போயி குந்த முடியுமா? எய்தி வெக்கணும். அடிநெல்லு யாருதுன்னு எய்தி வெச்சா, அதும் மேல எவனும் குந்த வேணாம்." எங்கள் வீட்டுக்கு வந்து மிச்சச் சோற்றைத் தின்றுகொண்டே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய். மூடியை மறந்துவிட்டுப் போனது அப்போதுதான்.

அடுத்த வாரம் வகுப்பில், எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதே நிலக்காரருடைய பங்கு என்று ப்ரொபசர் பாடம் நடத்தினார். நீ இங்கிலீஷில் எழுந்து நின்று தமிழில் விழுந்தாய். "சார், மிச்சத்துக்கும் அடியில ஒரு மிச்சம் கீதே, அது யாருக்கு?" கீதே என்றதற்கு வகுப்பு சிரித்தது. ப்ரொபசர் சிரிக்கவில்லை. நீயே கண்டுபிடித்து எழுது என்றார். அதை ஒரு பட்டம் மாதிரி மடித்து வைத்துக்கொண்டாய்.

பங்குனியில் உனக்கு அம்மை கண்டது. நான் வந்தபோது வாசலில் வேப்பிலை தொங்கியது. உன் அம்மா தெருவிலேயே நிற்கச் சொல்லிவிட்டாள். உள்ளேயிருந்து உன் குரல் வந்தது. "மச்சான், எடத்த உட்டுடாத." ரயிலிலா வகுப்பிலா என்று நான் கேட்கவில்லை. "உட மாட்டேன்" என்று தெருவில் நின்று கத்தினேன். அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை.

ஆகையால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மறுநாள் டிப்போவுக்குப் போகச் சொல்லி நைனா சலவைச் சட்டையை எடுத்துக் கொடியில் மாட்டினார். கூடத்தின் நடுவில், உன்னைப் போலவே, சப்பணமிட்டு உட்கார்ந்தேன். "எய்ந்திருடா" என்றார். "மாட்டேன்" என்றேன். எங்கள் வீட்டில் நைனாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னவன் யாரும் இல்லை. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இதைப் படித்ததும் நீ ஒற்றைப் புருவத்தைத் தூக்குவாய். தெரியும். தூக்காதே, சொல்லிவிடுகிறேன்.

சட்டை கொடிக்கு ஏறியதும், மூடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நான் திருநின்றவூருக்கு ரயிலேறிவிட்டேன். உன் அம்மா மூடியை வாங்கி மோந்து பார்த்தாள். "பாடத்துக்குப் பேர் குட்த்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். நான் டிப்போவைப் பற்றி ஏதோ முணுமுணுத்தேன். அவள் மூடியை என் கையிலேயே திணித்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, என்னோடு வண்டி ஏறினாள்.

கூடத்தின் நடுவில் உட்கார்ந்தது அவள்தான்.

"இன்னாம்மா இது, நாற்காலி கீது பாருங்க" என்றார் நைனா.

"வேணாம் அண்ணே."

"எய்ந்திரும்மா."

"மாட்டேன். எம்புள்ள குந்தன எடம் காலேஜில காலியா கீது. இவன் போயி குந்தட்டும். நீங்க சரின்ற வரிக்கும் நா இங்கியே கீறேன்."

நைனா சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தார். "அவங்களுக்கு எல போடு" என்று என் அம்மாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் சரி என்பதற்கு அதுதான் வார்த்தை. இத்தனையும் நடக்கும்போது நான் கதவுக்குப் பின்னால் உன் மூடியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். போகும்போது அவள் தூக்கை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். இப்போது அதைக் கொண்டுபோகிறவன் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. மறுநாள் வகுப்பில் ப்ரொபசர், விவசாயப் பொருளாதாரத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். நீ உட்காரும் இடத்தைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். வாய் அதற்குத் திறக்கவில்லை.

"லாபம், சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வகுப்பு சிரித்தது. எந்தக் களத்திலும் மாற்றிச் சொல்ல மாட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே மச்சான், அந்த வரியை அடித்துவிடு.