மூன்று மொழியில் விடைபெறத் தெரிந்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை கடை அலுமாரியை நகர்த்தியபோது நீ மொழிகள் எழுதிப் பழகிய கொப்பி பின்னால் கிடந்தது. கறுவாப்பட்டை வாசம் ஏறி, ஓரமெல்லாம் பழுத்துப்போய். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, தேயிலை கேட்டவருக்கு மிளகை நிறுத்துக் கொடுத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

கண்டியில் நம் கடைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் எனக்கு ஒன்றுதான். நீ அவர்கள் வாயையே பார்ப்பாய். பிரெஞ்சு மூக்கில் போய் முடிகிறது, அரபு அடித்தொண்டையில் பிறக்கிறது, சீனத்தில் குரலை ஏற்றி இறக்கினால் பொருளே மாறிவிடும் என்று தொண்டையைத் தொட்டுக் காட்டுவாய். ஜப்பான் மொழி மட்டும் உனக்குச் சீக்கிரம் வசப்பட்டது. ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தாய்.

"வீட்ட விட்டுக் கிளம்புறப்ப அவங்களும் வெறும் 'போறேன்'னு சொல்றதில்லடா. 'இத்தெ கிமாஸ்'. போயிட்டு வர்றேன்! சிங்களத்துல 'கிஹின் என்னம்', அதேதான். இங்கிலீஷ்காரன்தான் திரும்பி வர்றதப் பத்தி மூச்சே விடமாட்டான்."

அப்புறம் கடைக்கு வந்த ஒரு வயதான ஜப்பானியத் தம்பதி தங்கள் ஊர் விடுதியில் உனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். விசாவுக்கு முதலாளியின் கடிதம் வேண்டியிருந்தது. "ரெண்டே வருஷம், போயிட்டு வந்துர்றேன் முதலாளி" என்று கெஞ்சினாய். நீ வீட்டுக்குப் போக வத்தேகம பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு அவர் என்னைக் கேட்டார், "இவன் திரும்பி வருவானா?"

"வரமாட்டான் முதலாளி" என்றேன்.

நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். புசல்லாவையிலிருந்து வந்த எனக்கு இந்த ஊரில் மனம்விட்டுப் பேச உன்னை விட்டால் ஆளில்லை. இந்தக் கவுண்டருக்குப் பின்னால் தனியாகக் கிடக்கப் பயந்தேன். கடிதம் கிடைக்கவில்லை. ஏன் தரவில்லை என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாய், அதுவும் என்னிடமே. நானும் உன்னோடு சேர்ந்து முதலாளியைத் திட்டினேன். மூன்றாம் வருடம் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பயந்தது அப்படியே நடந்தது. இப்போது இங்கே நான் மட்டும்தான். வேறு வேலை தேடாமல் இல்லை, கிடைத்ததும் உண்டு. ஆனால் உன்னைப் போகவிடாத இடத்தை விட்டு நான் மட்டும் எந்த முகத்தோடு போவது? ஜப்பானியர் வந்தால் உன் கொப்பியில் நான் பாடமாக்கிய வாக்கியங்களைத்தான் சொல்கிறேன். இன்று ஒரு ஜப்பானிய அம்மா கேட்டார், நீங்கள் எங்கள் நாட்டில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று. தேயிலையைக் கட்டிக் கொடுத்தேன்.

கடையைப் பூட்டும்போது 'போயிட்டு வர்றேன்' உன் மூன்று மொழியிலும் வாய்வரை வருகிறது. சொல்வதில்லை. நாளை காலையும் இங்கேதான் வந்து நிற்பேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை, மச்சான்.