மூடிக்குள்ள வெள்ளைக் கறை

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

போனை எடுக்கமாட்டேங்கறீங்க, அதான் எழுதறேன். சாப்பிடறீங்களா?

என் பொண்ணு மேல தன் காரை ஏத்திக் கொன்ன அந்த முதலாளி, "டிரைவர்தான் ஓட்டினான், நான் முன் சீட்டுல உட்கார்ந்ததே இல்ல"ன்னு சாதிக்கறான். டிரைவரும் வாயைத் திறக்கல. கார் உங்க லேப்லதானே நிக்குது? ஊருக்கெல்லாம் கைரேகை எடுக்கறீங்க, பெண்டாட்டிக்கு எடுக்கமாட்டீங்களா?

சாகறதுக்கு முன்னாடி அவ விரிசலை ஒட்டிக் குடுத்த சர்க்கரை டப்பா மூடி இருக்கே, அதுக்குள்ள ஒரு வெள்ளைக் கறை. தேய்ச்சுத் தேய்ச்சுக் கை ஓய்ஞ்சதுதான் மிச்சம். போறப்பவும் எனக்கு வேலை வெச்சுட்டுப் போயிருக்கா.

அத்தை

மார்ச் 9

அத்தைக்கு,

சாப்பிடறேன். நான் அந்தக் காரைத் தொட்டா, புருஷன் கை பட்டதுன்னு அவன் வக்கீல் கேஸையே உடைச்சிருவார். அதனால அந்த ரூமுக்குள்ளயே போகல. கூட வேலை பார்க்கற அக்காதான் பார்க்கறாங்க. ஸ்டியரிங், கியர், கதவு எல்லாத்தையும் துடைச்சிருக்கான். பவுடர் போட்டும் ரேகை ஒண்ணும் வரல.

மாப்பிள்ளை

மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

சாப்பிடறேன், போகல, வரல. தந்தியா அடிக்கறீங்க? போன தடவை கோபத்துல எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. ஒரு தடவையாவது அழுதீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

அத்தை

மார்ச் 20

அத்தை,

ஜெயிச்சுட்டோம்!

அடுத்தவங்க ஓட்டற வண்டியை ஓட்ட உட்கார்ந்தா, பின்னாடி பார்க்கற கண்ணாடியைத் தனக்கு ஏத்த மாதிரி திருப்பாம யாரும் கிளப்பமாட்டாங்க. கண்ணாடியோட முன்பக்கம் துடைச்சவன் அதோட முதுகை மறந்துட்டான். அக்கா கண்ணாடியைக் கழட்டிப் பெட்டிக்குள்ள வெச்சு, பக்கத்துலயே சூப்பர் க்ளூவைச் சூடு பண்ணினாங்க. அந்த ஆவி விரல் பட்ட இடத்துல மட்டும் வெள்ளையாப் படியும். நான் வராண்டாவுல கையைக் கட்டிட்டு நின்னேன். திடீர்னு கதவைத் திறந்து, "தம்பி, வந்துருச்சுடா! நாலு விரலும் அவனுதுடா!"ன்னு கத்தினாங்க. போட்டோவைக் காட்டினதுமே டிரைவர் எல்லாத்தையும் சொல்லிட்டார். முதலாளி இப்ப உள்ள இருக்கான்.

இன்னொண்ணு. அந்த மூடியைத் தேய்க்காதீங்க அத்தை. அவ ஒட்டினதும் அதே பசைதான். காயறதுக்குள்ள டப்பாவை மூடியிருப்பா, ஆவி உள்ளயே சுத்தியிருக்கும். நீங்க தேய்ச்சுட்டிருந்தது உங்க பொண்ணோட விரல். பயப்படாதீங்க, அவ்வளவு லேசுல அழியாது. அவ்வளவு பெரிய ஆளையே பிடிச்சுக் குடுத்த வெள்ளை அது, உங்க நாருக்கா பயப்படும்?

அழுதீங்களான்னு கேட்டீங்களே. இப்ப அழுதுட்டுதான் எழுதறேன்.

ஞாயித்துக்கிழமை வர்றேன். சர்க்கரையை வேற டப்பாவுல கொட்டி வைங்க.

உங்க மாப்பிள்ளை