மண்ணுக்குள் கத்தும் மாடு உயிருடன் உள்ளதெனக் கூறி இழப்பீடு மறுத்தமை

அனுப்புநர்:
சு. ஜீவராணி,
இல. 7, கீழ் லயம்,
கல்லுமலைத் தோட்டம், பதுளை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், பதுளை மாவட்டம்.

விடயம்: மண்சரிவில் இறந்த கறவை மாட்டை இறந்ததாகப் பதிவு செய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இத்தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். என் வீட்டில் நடப்பதைத் தங்களைத் தவிர வேறு யாரிடமும் எழுதிச் சொல்ல வழியில்லாமல் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

1. கடந்த கார்த்திகை மழையில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள மேடு சரிந்து எங்கள் மாட்டுக் கொட்டிலை மூடியது. உள்ளே எங்கள் செவலை மாடும் அது புதிதாக ஈன்ற கன்றும் இருந்தன. மண் சரியும் முன்பே எங்களைப் பாதுகாப்புக்காகப் பாடசாலையில் போய்த் தங்கச் சொல்லிவிட்டார்கள். சீம்பாலை முனியாண்டி கல்லுக்கு ஊற்றும்வரை ஈன்ற மாட்டை அவிழ்ப்பது எங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை. ஆகவே என் கணவர் சுரேஸ் அதைக் கட்டியபடியே விட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

2. இழப்பீட்டுக்கு, இறந்த மாட்டின் படமும் காதில் மாட்டிய இலக்கத் தகடும் கேட்டார்கள். அந்தக் காது மண்ணுக்கடியில் இருக்கிறது ஐயா. நான் எங்கே போவேன்?

3. பின்னர் ஓர் உத்தியோகத்தர் விசாரணைக்கு வந்தார். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் பெரியாயி அம்மாள் அவரிடம், "பொழுது சாஞ்சா கத்துதுங்க. மண்ணுக்குள்ள இருந்துதான் வருது. நாங்க ஏங்க பொய் சொல்லப் போறோம்?" என்று சொன்னார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவர்களை நான் குறை கூறவில்லை. எனக்கும் கேட்கிறது. ஆனால் "மாடு கத்துவதாக அயலவர் கூறுவதால் இறப்பு உறுதியாகவில்லை" என்று பதில் கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு நாள் அந்தியில் இங்கே நின்று கேட்டிருந்தால், அப்படி எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

4. கடிதம் வந்த நாள் முதல் என் கணவர் புல் அறுத்துக்கொண்டு மேட்டுக்குப் போகிறார். "கவர்மென்டே உசிரோட இருக்குன்னு எழுதிருச்சு. நாம பட்டினி போடலாமா?" என்கிறார். மேட்டில் வெடிப்பு விழுந்து, யாரும் ஏறக்கூடாது என்று சிவப்புக் கொடி கட்டியிருக்கிறார்கள். சொன்னால் அவர் கேட்பதாயில்லை. வைத்த புல் காலையில் இருப்பதுமில்லை. காட்டு மரைமான் தின்றிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் ஈர மண்ணில் அவருடைய காலடியைத் தவிர வேறு தடம் கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

5. நேற்று அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மாடு விடாமல் கத்தியது. பசியில் கத்தும் மாட்டின் குரல் எனக்குத் தெரியாதா? பொறுக்க முடியாமல் புல்லுக்கட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, என் மகள் துஷாந்தினி கைநிறையப் புல்லோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள். நான் அவளை வரச்சொல்லிக் கூப்பிடவில்லை.

எனவே, இழப்பீட்டுப் பணம் தாமதமானாலும், தராமலே விட்டாலும் பாதகமில்லை. மாடு இறந்துவிட்டது என்று தங்கள் கையொப்பத்துடன் ஒரு கடிதம் தரும்படி மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். அரசாங்கக் கடிதம் என்றால் அவர் நம்புவார். இப்போது எனக்கும் அது தேவைப்படுகிறது.

மழை மறுபடி பிடித்துவிட்டது. தாங்கள் விசாரணைக்கு வரும்போது எங்கள் காம்பரா திறந்து கிடந்து, உள்ளே யாரும் இல்லாவிட்டால், தயவுசெய்து மேட்டுப் பக்கம் வந்து பார்க்கவும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சு. ஜீவராணி

இடம்: கல்லுமலைத் தோட்டம்
திகதி: 19.02.2026