சோளன்பாம்புக்கு வேண்டிய சூடு

அண்ணை,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் இன்று தபாலில் வந்தது. வழவழப்பான தாள், மை வாசம் இன்னும் போகவில்லை. உங்கள் படத்துக்குக் கீழே, "மொழி தெரியாமல் வந்த எங்களுக்கெல்லாம் வாயாக இருந்தவர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். என்னிடமும் இரண்டு பந்தி கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. நான் எழுதுவதை அவர்கள் போட்டிருக்கவும் மாட்டார்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டுப் பனிக்காலம். டென்மார்க்கில், ஒடென்சே நகரில் நீங்களும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் வந்து மூன்று மாதம், நீங்கள் வந்து இரண்டு வருடம். கொம்யூன் என்ற நகரசபை அலுவலகமோ வைத்தியரோ, எங்கு போனாலும் எனக்காக நீங்கள்தான் டெனிஷில் கதைத்தீர்கள்.

கீழ்வீட்டு இங்கர் ஒரு சோளன்பாம்பு வளர்த்தாள். செம்மஞ்சள் நிறம், விஷமில்லாதது. அவள் கதவைத் திறந்து வைத்திருக்கும்போதெல்லாம் நான் நின்று பார்ப்பேன். சத்திரசிகிச்சைக்காக மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டி வந்தபோது அதை என்னிடம்தான் ஒப்படைத்தாள். கண்ணாடிப் பெட்டியை எங்கள் மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் விளக்கினாள். மூடியிலிருந்த மின்குமிழைக் காட்டினாள், விரல்களை மடக்கி எண்ணினாள். நீங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

அவள் போனதும் என்ன சொன்னாள் என்று கேட்டேன். கிழமைக்கு ஒரு எலி போட்டால் போதுமாம் என்றீர்கள். அந்த லைற் எதற்கு என்று கேட்டேன்.

"அது பாக்கிற ஆக்களுக்குப் போட்டது. பாம்புக்கு என்ன குளிரும் சூடும்? நிப்பாட்டிப்போட்டு யன்னலோரம் வை."

வைத்தேன். உறைந்த எலியொன்றை வெந்நீரில் இளக்கிப் போட்டேன். பாம்பு விழுங்கியது. அடுத்த நாள் கோல்டிங் நகரிலிருந்து உங்கள் சிநேகிதர்கள் வந்தார்கள். நீங்கள் அதை வெளியே எடுத்துத் தோளில் போட்டுப் படம் பிடித்தீர்கள். மறுநாள் காலை பெட்டிக்குள் அந்த எலி பாதி கரைந்தபடி கிடந்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை.

"சத்தி எடுத்தா வெறும் வயிறுதானே. இன்னொண்டு குடு" என்றீர்கள்.

அதையும் அது கக்கியது. அதன்பிறகு யன்னலுக்கு எதிர்ப்பக்கக் கண்ணாடியில், அறையைச் சூடாக்கும் றேடியேற்றர் இருந்த பக்கமாகத் தன்னை ஒட்டிக்கொண்டு கிடந்தது. அது எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. பெட்டியை றேடியேற்றருக்குக் கிட்ட நகர்த்தினேன். வேலையால் வந்த நீங்கள், அவிந்து சாகப்போகுது என்று ஏசிவிட்டுத் திரும்ப யன்னலோரம் தள்ளினீர்கள். நான் அதைத் திரும்ப நகர்த்தவில்லை. அதற்கு நானும் பொறுப்புத்தான்.

இங்கர் வருவதற்கு நாலு நாள் முன் அது செத்தது.

அவள் வயிற்றைப் பிடித்தபடி படியேறி வந்தாள். அணைந்திருந்த மின்குமிழைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னீர்கள். அதில் ஒரு சொல் என் காதில் நின்றுவிட்டது: கிளெம்தெ. பிறகு என்னிடம், "பறவாயில்லையாம்" என்றீர்கள். பறவாயில்லை என்று சொல்லும் முகமாக அது இருக்கவில்லை. அதன்பிறகு அவள் என்னைக் கண்டால் கதவைச் சாத்தினாள்.

மாசி மாதம் மொழி வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் வினைச்சொற்களை எழுதினார். அதில் அந்தச் சொல் இருந்தது. மறந்துவிட்டான். குமிழைப் போட நான் மறந்துவிட்டேன் என்று இங்கரிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

அன்றைக்கே இங்கரின் கதவைத் தட்டினேன். நான் மறக்கவில்லை, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். அவள் என்னை உள்ளே கூப்பிட்டு, அன்று சொன்னதையெல்லாம் மெல்ல மெல்லத் திருப்பிச் சொன்னாள். குமிழுக்குக் கீழே முப்பது பாகை வேண்டும், மறுபக்கம் குளிர்ந்திருக்க வேண்டும், எங்கே கிடப்பது என்பதைப் பாம்பே தீர்மானிக்கும். வெளிச்சூடு இல்லாவிட்டால் அதற்குச் செரிக்காது. தின்றபின் இரண்டு நாள் தொடக்கூடாது. கக்கினால் இரண்டு கிழமையாவது வயிற்றை ஆறவிட்டுத்தான் ஒரு சின்ன எலி கொடுக்க வேண்டும்.

நீங்கள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்று இங்கர் சொன்னது உங்களுக்கு விளங்கவில்லையா என்று கேட்டேன். மறுப்பீர்கள் என்று நினைத்தேன்.

"ஓம், எனக்கு விளங்கேல்லைத்தான். விளங்கேல்லை எண்டு சொன்னா நாளைக்கு ஆர் என்னைக் கூப்பிடுவினம்?" என்றீர்கள். பிறகு கத்தியை நிறுத்தாமலே, "அப்ப உனக்கு வேற ஆர் இருந்தது?" என்றும் கேட்டீர்கள்.

அடுத்த கிழமை நான் வேறு வீடு பார்த்துப் போனேன். உங்களுக்கு நன்றி கெட்டவன் ஆனேன்.

இன்று நானும் மொழிபெயர்ப்பாளன்தான். விளங்காத இடத்தில், "எனக்கு இந்தச் சொல் தெரியாது, வேறு விதமாகச் சொல்லுங்கள்" என்று இரு பக்கத்துக்கும் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

எனக்குள் மிஞ்சியிருப்பது வேறு. உங்களோடு இருந்த நாட்களில் ஒருமுறை, கொம்யூன் அலுவலகத்தில் நான் மேலே படிக்க விரும்புவதாகச் சொன்னேன். நீங்கள் டெனிஷில் ஏதோ சொன்னீர்கள். அடுத்த திங்கட்கிழமை மீன் தொழிற்சாலையில் நின்றேன், எட்டு வருடம். அங்கே என் பெயரில் நீங்கள் என்ன சொன்னீர்கள், அண்ணை? நான் சொன்னதும் நீங்கள் சொன்னதும் இரண்டும் தெரிந்திருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.